தராசு யார் கையில்?

நாமகிரிப்பேட்டை என்றதும் இசை கேட்பவர்களுக்குக் கிருஷ்ணனின் நாகசுரமும், வியாபாரம் அறிந்தவர்களுக்கு மஞ்சளும் நினைவுக்கு வரும். எனக்கு இது பிறந்து வளர்ந்த ஊர். ஏலம் நடக்கும் நாட்களில் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து வைத்த மூட்டைகளுக்கு நடுவே வியாபாரிகள் நடந்து வருவார்கள். ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள்; முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த மூட்டைக்கு நகர்வார்கள். என் சிறு வயதில் உறவுக்காரப் பெரியப்பா ஒருவர், எந்தச் சரக்கு யாருக்குப் போகும் என்று ஏலத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். பெரும்பாலும் பலிக்கும். "எப்படிப் பெரியப்பா?" என்று கேட்டேன். "மஞ்சளப் பாத்துச் சொல்றதில்ல கண்ணு. வாங்க வந்தவனுக்கு எந்த ஊர்லருந்து ஆர்டர் வந்திருக்குன்னு தெரிஞ்சு சொல்றேன்" என்றார்.

கல்லூரியில் ஒரு மாணவி கேட்ட கேள்வி அந்தப் பதிலை மீண்டும் நினைவூட்டியது. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு ஒரே கட்சிக்குள் இருபது பேர் வரை மோதுகிறார்களே, அவர்களில் வெல்பவர் யார் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் கேட்டாள். பாடம் நற்றிணை, கேள்வி அதற்குச் சற்றும் தொடர்பில்லாதது. ஆனாலும் விடை தேடியபோது நம் அண்மைக்கால வரலாற்றிலேயே அதற்கு நல்ல சான்றுகள் இருப்பதைக் கண்டேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே மனிதரைச் சுற்றி அமைந்தவை.

முதலில் ஒரு தெளிவு. பெயர்கள் பெருகினாலே போட்டி கடினமாகிவிடும் என்பதில்லை. காவிரிக்கு அப்பால், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவர விவசாயிகள் கையாண்ட வழி அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. ஆனால் முடிவில் வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். ஒரு வாக்குக்கூடப் பெறாத வேட்பாளர்கள் பலர் இருந்தார்கள். ஆயிரம் பெயர்கள் இருந்தும் உண்மையான போட்டி மிகச் சிலருக்கிடையில்தான் நடந்தது. ஆருடம் கடினமாவது வேறோர் இடத்தில்: ஏறத்தாழச் சம எடையுள்ள ஐந்தாறு பேர், ஒரே கட்சியில், ஒரே நாற்காலிக்கு நிற்கும்போது.

அப்படியொரு நிலை 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. நேருவின் உடல்நிலை தளர்ந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின் யார் என்று உலகமே கேட்டது. வெல்ஸ் ஹேங்கன் என்ற அமெரிக்கச் செய்தியாளர் 1963இல் அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், லால் பகதூர் சாஸ்திரி, சவாண், இந்திரா காந்தி, ஜெயப்பிரகாஷ் நாராயண், எஸ்.கே. பாட்டீல், ராணுவத் தளபதியாயிருந்த பி.எம். கௌல் என எட்டுப் பேரை அவர் எடைபோட்டார். இன்று திரும்பிப் பார்த்தால் அது சோடை போன பட்டியல் அல்ல. எட்டுப் பேரில் மூவர் பின்னாளில் பிரதமரானார்கள். ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை அந்த நாற்காலியில் யார் அமர்வது என்பதை முடிவு செய்வதில் முன்னின்றவர் அந்த எட்டுப் பேரில் இல்லை. அப்போது அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர்; பெயர் காமராசர். ஆசிரியர் மஞ்சளைக் கூர்ந்து பார்த்தார். தராசு பிடிக்கப்போகிறவரை வேட்பாளர் வரிசையில் தேடமுடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

காமராசரின் இந்தத் திறன் டெல்லியில் திடீரென முளைத்ததன்று. 1954இல் கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி பதவி விலகியபோது, சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரும் சி. சுப்பிரமணியமும் மோதினார்கள். ராஜாஜி நம் சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து மேலெழுந்தவர். சுப்பிரமணியம் அவருடைய ஆதரவு பெற்றவர். அறிவாலும் பேச்சாலும் எடை போட்டவர்கள் சுப்பிரமணியத்தைச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் வாக்களிக்கப்போகிறவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்களில் ஒவ்வொருவருடைய ஊரையும் உறவையும் பகையையும் பல ஆண்டுகள் கட்சி நடத்திய காமராசர் அறிந்திருந்தார். அவருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41. தோற்றவரையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதும் அதே கணக்கறிவின் தொடர்ச்சிதான்.

1963இல் அவர் பெயரால் அமைந்த திட்டத்தின்படி மத்திய அமைச்சர்கள் ஆறு பேரும் முதலமைச்சர்கள் ஆறு பேரும் கட்சிப் பணிக்கென்று பதவி துறந்தார்கள். விலகிய மத்திய அமைச்சர்களில் மொரார்ஜி, சாஸ்திரி, ஜகஜீவன் ராம், பாட்டீல் ஆகியோர் இருந்தார்கள். ஓட்டப்பந்தயத்தில் நின்றவர்களெல்லாம் ஒரே நாளில் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள். 1964 மே 27இல் நேரு மறைந்தபோது காமராசர் கட்சியின் அகில இந்தியத் தலைவர். வாக்கெடுப்பு நடத்தினால் கட்சி பிளக்கும் என்று அஞ்சி, உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் கலந்து பொதுக்கருத்தை அறியும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். அவர் அறிவித்த பெயர் சாஸ்திரி. மொரார்ஜியை உறுதியாக விரும்பியவர்கள் இருந்தார்கள். உறுதியாக மறுத்தவர்களும் இருந்தார்கள். சாஸ்திரியை மறுத்தவர்கள் குறைவு. நெரிசலான களத்தில் மிகுதியாக விரும்பப்படுபவரைக் காட்டிலும் குறைவாக வெறுக்கப்படுபவருக்கு வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோது இந்த வழி செல்லவில்லை. மொரார்ஜி வாக்கெடுப்பு கோரினார். இடைக்காலப் பிரதமர் நந்தா, சவாண், ஜகஜீவன் ராம், பாட்டீல் ஆகியோரின் பெயர்களும் அடிபட்டன. காமராசரையே அமரச் சொன்னவர்களும் உண்டு. அவர் மறுத்து இந்திராவின் பக்கம் நின்றார். முதலமைச்சர்கள் பலரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மீண்டும் வாய்ப்பளிப்பதில் மாநிலத் தலைமைகளின் சொல்லுக்கு எடை உண்டு. ஆகவே முதலமைச்சர்கள் சாய்ந்த பக்கம் வாக்குகளும் சாய்ந்தன. ஜனவரி 19இல் நடந்த ரகசிய வாக்கெடுப்பில் இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169.

இதுவரை கதை வெற்றியின் கதை. இதே மனிதர் மறு ஆண்டு விருதுநகரில், தம் சொந்த ஊரில், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மாநில ஆட்சியும் கட்சியின் கையைவிட்டுப் போனது. இந்தத் தோல்வியைப் பற்றி நாம் ஏராளமாகப் பேசியிருக்கிறோம்: அரிசி விலை, இந்தி எதிர்ப்பு, நன்றி மறந்த மக்கள் என்று. எனக்குப் படுவது வேறு. ஓர் அறைக்குள் இருக்கும் ஐந்நூறு பேரின் மனத்தைத் துல்லியமாகப் படித்த அறிவு, வெளியே தெருவில் நிற்கும் லட்சம் பேரைப் படிக்கத் தானாகவே பயன்படுவதில்லை. அறையில் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு, கடன் உண்டு, அச்சம் உண்டு. தெருவில் 1965இன் மாணவர் போராட்டத்தைக் கண்ட ஒரு தலைமுறை நின்றுகொண்டிருந்தது. அவர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர். தராசு கைமாறியிருந்தது, எடை பார்க்கும் பழக்கம் மட்டும் பழையதாகவே இருந்தது.

1969இல் அறைக்குள்ளேயே அது நடந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் காமராசர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியைக் கட்சி வேட்பாளராக நிறுத்தினார்கள். இந்திரா, மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். களத்தில் 15 பேர். முதல் விருப்ப வாக்குகளில் வி.வி. கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769. வெற்றிக்கு வேண்டியவை 4,18,169. யாருக்கும் அது கிட்டவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்களுடைய அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. ஏறத்தாழ 88 ஆயிரம் வாக்குகள் பின்தங்கியிருந்த ரெட்டி 4,05,427 வரை ஏறிவந்தார். கிரி 4,20,077 பெற்றுத் தப்பினார். முதல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்குக் கிரி எளிதாக வென்றுவிட்டதாகத் தோன்றியிருக்கும். இரண்டாம் விருப்பம் என்ற மறைவான கணக்கு அதை மயிரிழைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வரலாம். அமெரிக்காவிலும் நெடுங்காலம் கட்சிப் பெரியவர்கள் மாநாட்டு அரங்கில் கூடித்தான் வேட்பாளரைத் தீர்மானித்தார்கள். 1924இல் ஜனநாயகக் கட்சி 103 முறை வாக்கெடுத்துத்தான் ஜான் டேவிஸைத் தேர்ந்தது. 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி எந்த மாநிலத்தின் முன்தேர்தலிலும் நிற்காமலே வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் விதிகள் மாறின. மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் வாக்களித்து வேட்பாளரைத் தேர்வது வழக்கமாயிற்று. அப்படியும் பெரியவர்களின் ஆதரவு யாருக்கோ அவரே பெரும்பாலும் வெல்கிறார் என்று நான்கு அரசியல் அறிஞர்கள் 2008இல் நூல் எழுதி நிறுவினார்கள். 2016இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் நின்றார்கள். பெரியவர்களின் ஆதரவும் பணமும் ஜெப் புஷ்ஷிடம் குவிந்திருந்தன, வென்றவர் டிரம்ப். தென் கரோலினாவில் அவர் பெற்றது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் எதிர்ப்பு வாக்குகள் பலவாகச் சிதறியதால் அந்த மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே கிடைத்தார்கள். நான்காண்டு கழித்து, 2020இல், ஜனநாயகக் கட்சியில் முதல் மாநிலத்தில் நான்காவதும் இரண்டாவதில் ஐந்தாவதும் வந்த ஜோ பைடனைப் பலர் கைகழுவிவிட்டார்கள். தென் கரோலினாவில் அவர் வென்றதும் போட்டியாளர்கள் சிலர் ஓரிரு நாட்களில் விலகி அவரை ஆதரித்தார்கள், களம் திரும்பியது. யார் முன்னால் ஓடுகிறார் என்பதைவிட மற்றவர்கள் எப்போது நிற்கிறார்கள், நின்றபின் அவர்களின் ஆதரவு எங்கே போகிறது என்பதே அங்கு முடிவைச் செய்தது. 1969இல் வாக்குச்சீட்டுக்குள் நடந்தது அங்கே நாட்காட்டியில் நடக்கிறது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகினார்கள். முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைக் கூறுகின்றன. நிலம், வீடு, வயது, கல்வி, ஒழுக்கம் என்று தகுதிகளை முதலில் கண்டிப்பாக வரையறுத்தார்கள். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவைத்தார்கள். குடவோலையைக் குறிக்கும் உவமை அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே உண்டு. தகுதி வரையறையில் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தராசை யாருமே பிடித்துக்கொள்ள முடியாதபடி அதைக் குழந்தையின் கையில் கொடுத்த எண்ணம் யோசிக்கத்தக்கது.

இத்தனையும் சொன்னபின் அந்த மாணவி இன்னொன்று கேட்டாள். "நம்மூரில் ஒரு கட்சியில் யாருக்கு சீட்டு என்று முன்னாலேயே சொல்ல வேண்டுமென்றால் எதைப் பார்க்க வேண்டும் ஐயா?" வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. அதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். தலைமையின் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். நம் கட்சிகளில் லட்சக்கணக்கில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கொடி கட்டுகிறார்கள், சுவரெழுதுகிறார்கள், சிறை செல்கிறார்கள். தங்கள் தொகுதியின் வேட்பாளர் யார் என்பதை அவர்களும் நம்மைப் போலச் செய்தித்தாளில்தான் அறிகிறார்கள். 1954இல் 93க்கு 41 என்று எண்ணிச் சொல்லவாவது ஓர் எண்ணிக்கை இருந்தது. இன்று எண்ணுவதற்கே ஒன்றுமில்லாத இடத்தில் ஆருடம் வதந்தியாகிவிடுகிறது.

காமராசரின் கணக்கு தப்பியதை நான் குறையாகச் சொல்லவில்லை. தராசு மக்கள் கையில் இருந்ததால்தான் அது தப்பியது. பிரதமர்களைத் தேர்ந்துகொடுத்த ஒருவரை அவருடைய ஊரே தோற்கடிக்க முடிந்த அந்த 1967, அவருக்கு வருத்தம் தந்திருக்கலாம். அவர் போராடிப் பெற்ற குடியரசுக்கு அது பெருமைதான். எங்கள் பெரியப்பா இன்று இல்லை. அவருடைய கணிப்பும் சில செவ்வாய்க்கிழமைகளில் பொய்த்ததுண்டு. அன்றெல்லாம் அவர் முகம் வாடியதில்லை. "வெளியூர்க்காரன் புதுசா ஒருத்தன் வந்துட்டான்" என்பார். அப்படியான நாட்களில் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்திருக்கும்.