இசைத்தட்டும் மலைநாட்டுத் தப்பும்

1924ஆம் ஆண்டு பதுளையின் வரலாற்றில் ஒரு சிறப்பான ஆண்டாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பண்டாரவளையை எட்டியிருந்த புகையிரதப் பாதை, எல்ல, தெமோதரை ஆகிய ஊர்களைக் கடந்து அவ்வாண்டிலேதான் பதுளையை வந்தடைந்தது. தெமோதரையிலே மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்லும் அப்பாதையின் விந்தையை ஊவா மக்கள் நன்கறிவர்.

அதே ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், நியூயோர்க் நகரிலுள்ள ஏயோலியன் மண்டபத்தில் ஓர் இசைப்படைப்பு அரங்கேறியது. 'ராப்சொடி இன் புளூ' என்பது அதன் பெயர். அதனை ஆக்கிய ஜோர்ஜ் கேர்ஷ்வினுக்கு அப்போது வயது 25. பொஸ்டன் நகருக்குப் புகையிரதத்திற் சென்றபோது, சக்கரங்களின் கடகடவென்ற ஓசையிலே அப்படைப்பின் முழு உருவமும் தம் மனத்தில் தோன்றியதென அவர் பின்னாளிற் கூறினார். புகையிரதத்தின் தாளம் ஊவா மக்களுக்கும் பழகிய ஒன்றே. ஆதலின் இவ்விசையின் கதை அவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஒரே படைப்பு பலரது கைகளிற் பல உருவம் கொள்வதை இசைத்தட்டுக்கள் தெளிவாகக் காட்டுகின்றன. தொடக்கத்திலே கிளாரினெட் குழல் அழுகையும் சிரிப்பும் கலந்தாற்போல மேலெழுந்து இழைந்து செல்கிறது. கேர்ஷ்வின் எழுதியது தனித்தனி ஸ்வரங்களாக ஏறும் ஒரு வரிசையே. ஒத்திகையின்போது ரொஸ் கோர்மன் என்ற கலைஞர் வேடிக்கையாக அதனை இழைத்து வாசித்தார். கேர்ஷ்வின் அதனை விரும்பி அப்படியே நிலைக்கச் செய்தார். உலகமே அறிந்த அந்தத் தொடக்கம் ஏட்டிலே பிறந்ததன்று. வாசித்தவரின் மூச்சிலே பிறந்தது.

1924 யூன் மாதத்தில் போல் வைட்மனின் குழுவினரோடு கேர்ஷ்வினே பியானோ வாசித்த முதற் பதிவு செய்யப்பட்டது. ஒலிவாங்கி இல்லாத காலம் அது. கலைஞர்கள் ஒரு கூம்புக் குழலின் முன் நெருங்கி நின்று வாசித்தனர். இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் அடங்க வேண்டியிருந்தமையால், ஏறத்தாழ 16 நிமிடப் படைப்பு 9 நிமிடமாகக் குறுகியது. ஆயினும் அதிலுள்ள துள்ளலும் குறும்பும் இன்றும் கேட்போரைக் கவர்கின்றன. 1927இல் மின்முறையில் மீண்டும் பதிவு செய்தபோது ஒலி தெளிந்தது.

1959இல் லெனார்ட் பேர்ண்ஸ்டைன் தாமே பியானோ வாசித்து, பெரிய வாத்தியக் குழுவையும் நடத்தினார். அவரது பதிவிலே நடை தாழ்கிறது, உருக்கம் மிகுகிறது, நடனக் கூடத்து இசை காவியக் கோலம் பூணுகிறது. 1976இலோ மைக்கல் டில்சன் தோமஸ் வேறொரு வழியைக் கண்டார். கேர்ஷ்வின் 1925இல் தானியங்கிப் பியானோவுக்காகத் துளையிட்ட தாட்சுருளிற் பதித்த வாசிப்பை இயக்கி, அதனோடு ஜாஸ் குழுவொன்றை வாசிக்கச் செய்தார். மறைந்து 39 ஆண்டுகளான கலைஞரின் விரல்கள் விரைந்தோட, உயிரோடிருந்தவர்கள் பின்தொடர்ந்தனர்.

இவற்றுள் எது உண்மையான வாசிப்பு? இக்கேள்விக்குள் வேறொரு கேள்வியும் மறைந்திருக்கிறது. ஜாஸ் இசை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் படைத்த செல்வம். ஆனால் 1924இல் ஏயோலியன் மேடையில் அமர்ந்திருந்த வைட்மன் குழுவினர் அனைவரும் வெள்ளையர்களே. 1996இல் கறுப்பினக் கலைஞர் மார்கஸ் ரொபேர்ட்ஸ் அப்படைப்பைப் பதிவு செய்தபோது, பியானோப் பகுதிகளிலே தம் கற்பனையிற் பிறந்த புதிய இசையைச் சேர்த்து வாசித்தார். இசையை ஈன்றவர்களின் குரல் அப்படைப்பினுள்ளேயே உரிமையோடு எழுந்தது. பதிவுகளை ஒப்பிடுவது விரைவையும் மென்மையையும் அளப்பது மட்டுமன்று. யாருடைய குரல் கேட்கப்பட்டது, யாருடைய குரல் விடப்பட்டது என்று அறிவதுமாகும்.

இந்த அளவுகோலை ஊவாத் தோட்டங்களுக்குப் பொருத்திப் பார்ப்போமாக. துரைமாரின் பங்களாக்களிலே கிராமபோன் ஒலித்த காலத்தில், லயன்களிலே ஒலித்தது தப்பு. விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் அதுவே. கலியாணத்திலும் சாவிலும் காமன் கூத்திலும் முழங்கியதும் அதுவே. நெருப்பிலே தோலைக் காய்ச்சி முறுக்கேற்றி, நிகழ்ச்சிக்கேற்ப அடியை மாற்றும் அக்கலைக்கு எழுத்து வடிவம் கிடையாது. கற்றவரின் கையே ஏடு. அதை அடித்தவர்களைத் தாழ்ந்தவர்களென ஒதுக்கிய கொடுமையும் நம்மிடையே இருந்தது. அவ்வகையிலே தப்பின் கதை ஜாஸின் கதைக்கு உறவுடையதே.

வேறுபாடு ஒன்று உண்டு. கேர்ஷ்வினின் படைப்புக்குப் பல பதிவுகள் உள்ளன. தப்புக்கோ மிகச் சிலவே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களின் சொற்களைத் திரட்டிக் காத்தனர். தாளத்தைத் தாளிலே காப்பது எளிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. குடும்பங்கள் பிரிந்தன, தோட்டங்கள் கலைந்தன. கூடி வாழ்ந்தோர் கலையும்போது அவர்கள் கூடி அடித்த முறையும் கலைந்துபோவது இயல்பன்றோ?

எஞ்சியிருப்பதையேனும் காப்பது இன்று அரிதன்று. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் இருக்கிறது. பசறையிலே ஒருவர் அடிக்கும் காமன் கூத்து அடியையும், அப்புத்தளையிலே இன்னொருவர் அடிப்பதையும் பதிந்து, அடித்தவர் பெயர், தோட்டம், நாள், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து வைத்தாற் போதும். ரொஸ் கோர்மனின் ஒரு மூச்சு, பதிவு இருந்தமையாலன்றோ நூறாண்டு கடந்தும் கேட்கிறது! ஊவா மலையின் தப்புக் கலைஞனது ஓர் அடியும் அவ்வாறு கேட்கப்பட வேண்டும்.