எரிசோடா மீட்பு (காகிதக்கூழ் ஆலை)

எரிசோடா மீட்பு என்பது, காகிதக்கூழ் தயாரிப்பில் மூலப்பொருளை வேகவைத்தபின் எஞ்சும் கருநீரிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைத் திரும்பப் பெறும் வேதிமுறை. சோடா, சல்பேட் ஆகிய இரு கூழ்முறைகளுக்கும் இது பொது. சல்பேட் முறையில் சோடியம் சல்பைடும் உடன் மீளும்.

கருநீர் ஆவியாக்கிகளில் கெட்டியாக்கப்பட்டு மீட்புக் கொதிகலனில் எரிக்கப்படும். லிக்னின் முதலிய கரிமப்பொருள்கள் எரிந்து நீராவி தரும். அடியில் உருகித் தேங்கும் உப்பில் சோடியம் கார்பனேட்டே மிகுதி. அதை நீரில் கரைத்தால் பச்சைநீர் கிடைக்கும். அதனுடன் சுட்ட சுண்ணாம்பு சேர்க்க, எரிசோடா கரைசலில் நிற்கும்; கால்சியம் கார்பனேட் வெண்சேறாகப் படியும். தெளிந்த வெண்ணீர் மீண்டும் வேகவைக்கச் செல்லும். சேறு சூளையில் 900 பாகை செல்சியசுக்கு மேல் சுடப்பட்டுச் சுண்ணாம்பாகும்.

மீட்புக் கொதிகலன் 1930களில் ஜி. எச். டாம்லின்சனின் வடிவமைப்பால் பரவியது.

கரும்புச் சக்கை, மூங்கில், வைக்கோல் ஆகியவற்றில் சிலிக்கா மிகுதி. காரத்தில் கரையும் சிலிக்கா ஆவியாக்கிக் குழாய்களில் செதிலாகப் படியும். சுண்ணாம்புச் சேற்றிலும் சேர்ந்து, அதை மீண்டும் சுடுவதற்குத் தடையாகும். இவற்றைப் பயன்படுத்தும் இந்திய ஆலைகளின் மீட்பில் இது கடினமான சிக்கல். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (தொடக்கம் 1979) கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. அங்குச் சக்கை கழுவிய நீரிலிருந்து பெறும் உயிரி எரிவாயு சுண்ணாம்புச் சூளைக்கு எரிபொருளாகிறது. மிஞ்சும் சுண்ணாம்புச் சேறு சிமெண்டாகிறது.

மீட்பு வசதியற்ற ஆலையில் கருநீர் முழுதும் கழிவாகி, நீர்நிலைகளின் உயிர்வளியைக் குறைக்கும்.