தங்கவயலில் யாரிடம் முறையிடுவது?

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி நன்கு பழகியிருக்கும். குழாயில் நீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, வீட்டுச் சுவரிலே வெடிப்புக் கண்டது என்றால் யாரிடம் போய் முறையிடுவது? சொந்த ஊரிலே தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அயலூரில் அந்த முகத்தைத் தேடிக் கண்டுகொள்வதற்கே ஒரு தலைமுறை கழிந்துவிடுகிறது. கோலார் தங்கவயலில் அதற்கு இரண்டு தலைமுறைகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்குக் கூற விரும்புகிறேன்.

1875ஆம் ஆண்டில் லவேல் என்னும் ஐரோப்பியர் மைசூர் அரசிடம் பொன் தேடும் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். அவர்களை அடுத்து வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1901ஆம் ஆண்டின் மக்கள் கணக்கில் தங்கவயலில் 38,204 பேர் இருந்தனர். வேலை கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, வீடு நின்ற மண்ணும் கம்பெனியின் குத்தகைக்கு உட்பட்டது. குறையைச் சொல்ல வேண்டுமானால், குறைக்குக் காரணமானவரிடமே சொல்ல வேண்டும் என்னும் நிலை அது.

பிளேக் நோய் மைசூர் நாட்டை வாட்டிய காலத்தில்தான் நெருக்கமாக வாழும் மக்களின் சுகாதாரம் குறித்துக் கவலை பிறந்தது. நெரிசலைக் குறைக்கப் புதியதோர் ஊர் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. ரெஸிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் துரையின் பெயரால் அது ராபர்ட்சன்பேட்டை எனப்பட்டது. சுரங்கப் பகுதியின் துப்புரவைக் கவனிக்கச் சுகாதார சபை ஒன்றும் இயங்கிற்று. எனினும் அது மக்கள் வாக்களித்து அமைத்த சபையன்று. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கடந்து மின்சாரமும் வந்தது. மின்சாரம் வந்தது இயந்திரங்களுக்காக; தொழிலாளர் குடிசைக்காக அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, மக்களை அச்சுறுத்திய இடர்களைப் பார்ப்போம். பூமியின் ஆழத்தில் பாறையை வெட்டி எடுக்க எடுக்க, எஞ்சி நிற்கும் பாறையின் மீது மேலுள்ள மலையளவு பாரம் சுமந்து நெருக்குகிறது. தாங்கும் எல்லை கடந்ததும் அப்பாறை வெடியோசையுடன் சிதறுகிறது. தொழிலாளர் இதனை 'ஏர் பிளாஸ்ட்' என்பர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்றதாகலின், அங்கே இந்த ஆபத்து மிகுதி. அதிர்வை அளக்க 1912ஆம் ஆண்டிலேயே நிலநடுக்கக் கருவி ஒன்றை நிறுவினர் என்றால், அது எத்துணை அடிக்கடி நேர்ந்தது என்பதை உணரலாம். 1952 ஜூலையில் சாம்பியன் ரீஃபில் நேர்ந்த பாறை வெடிப்பில் இருபதின்மர் மாண்டனர். பெரிய வெடிப்பென்றால் தரைமேல் உள்ள வீடுகளும் ஆடும். அடுக்களையில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டவுடனே, உள்ளே இறங்கியிருப்பவன் கணவனோ மகனோ என்று எண்ணிப் பதறாத வீடு அங்கே இல்லை. இந்தப் பதற்றத்துக்குச் சுகாதார சபையிடம் மருந்து ஏது? குப்பையை அகற்றலாம், கிணற்றில் மருந்து தெளிக்கலாம். சுரங்கத்தின் வாயில் அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

ஓசையின்றிக் கொன்ற இடர் மற்றொன்று. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சைக் குறைக்கும் சிலிகோசிஸ் நோய் அது. 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் அந்நோய் கண்டிருந்தது.

கேட்பாரில்லாத மக்கள் தாமே குரலெழுப்பக் கற்றனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். கைரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிர் துறந்தனர். அடுத்து வந்த முதற் பொதுத் தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் கே. எஸ். வாசனை மைசூர் சட்டசபைக்கு அனுப்பினர் தங்கவயல் மக்கள். வாக்குச் சீட்டின் வன்மையை அவர்கள் நூலிற் படித்தறியவில்லை.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசுக்குச் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. வெள்ளைக்கார மானேஜர் போனார். ஆயினும் விளக்கு, குழாய், மருத்துவமனை என எல்லாவற்றுக்கும் சுரங்க அலுவலகத்தையே நாடும் வழக்கம் போகவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின்னர் மக்களின் முறையீடுகள் ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் வாயிலை நோக்கித் திரும்பின. முப்பத்தைந்து வட்டங்கள் கொண்ட சபை அது. நெடுங்காலம் காத்திருந்த முகம் கிடைத்துவிட்டது. அந்த முகத்துக்குரிய கை மட்டும் குறுகியது. நகரசபை மாநிலச் சட்டப்படி அமைந்தது. சுரங்க நிலமோ மத்திய அரசின் நிறுவனத்துக்கு உரியது.

இதன் விளைவைச் சயனைடு மேடுகளிடத்தே காணலாம். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், பதின்மூன்று குன்றுகளாக, ஏறத்தாழ மூன்று கோடியே முப்பது இலட்சம் டன் குவிந்து கிடக்கிறது. திரைப்படம் எடுப்போருக்கு அது அழகிய காட்சி. காற்றுக் காலத்தில் அதனருகே சோறு உண்பவருக்கு அப்படியன்று. தந்தை சுரங்கத்தினுள்ளே சுவாசித்த சிலிக்காத் தூளை மகள் வீட்டு முற்றத்திலே சுவாசிக்கிறாள். வட்ட உறுப்பினர் மனு எழுதலாம்; மேட்டில் ஒரு கூடை மண்ணைத் தள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. மூடிய சுரங்க வாய்களின் நிலையும் அத்தகையதே. 2020 மே மாதத்தில் மாரிகுப்பத்துச் சுரங்கத்தினுள் புகுந்தவர்களுள் மூவர் மீளவில்லை.

எனினும் எல்லாப் பழியையும் எல்லைக்கோட்டின்மீது போட்டுவிடலாகாது என்பது என் கருத்து. தொழிலாளர் குடியிருப்புகளின் உலர் கழிவறைகளை மனிதர் கையால் அள்ளும் கொடுமை இந்த நூற்றாண்டிலும் அங்கே நீடித்தது. 2011இல் கழிவுக் குழியில் இறங்கிய மூவர் இறந்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. துப்புரவு நகரசபையின் கடமை. அங்கே கை குறுகியது என்று சொல்ல இயலாது.

பதின்மூன்று மேடுகளையும் மீண்டும் அகழ்ந்து பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூன் மாதத்தில் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகள் பரந்துள்ள நிலம் ஆயிரம் ஏக்கருக்கும் மேல். தலைமுறைகளாய்க் குவிந்த தூளைக் கிளறும்போது காற்று எத்திசையில் வீசும், எந்த வீடுகள் அத்திசையில் உள்ளன என்பதை நன்கறிந்தவர் அந்த வட்டங்களின் உறுப்பினரே. அவர்களிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுப்பார்களா என்று, வேலைக்காக விடியுமுன் மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறும் தங்கவயல் மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர்.