துடுப்புச் சக்கரக் கப்பல்

பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சுழலும் பெரிய சக்கரத்தின் பலகைகளால் நீரைத் தள்ளி ஓடுவது துடுப்புச் சக்கரக் கப்பல். சரக்கும் தபாலும் படையும் சுமந்த இக்கப்பல் இன்று பெரும்பாலும் உல்லாசப் பயணத்துக்கும் விருந்துக்குமே ஓடுகிறது.

1807இல் ரொபர்ட் ஃபுல்டனின் நீராவிக் கப்பல் நியூயோர்க்கிலிருந்து அல்பனி வரை, ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தூரத்தை 32 மணி நேரத்தில் கடந்தது. 1823இல் கல்கத்தாவின் கிதர்பூரில் ‘டயனா’ என்ற சக்கரக் கப்பல் வெள்ளோட்டம் கண்டது. அடுத்த ஆண்டே முதலாம் பர்மியப் போருக்குப் போனது.

ஆழமில்லாத ஆற்றிலும் ஓட முடிவது இதன் பெரும் பலம். கடலில் சக்கரமே பலவீனம். அலையில் கப்பல் சரிந்தால் ஒரு சக்கரம் மூழ்கும், மற்றது வெறும் காற்றில் சுழலும். 1845இல் பிரித்தானியக் கடற்படை இரு கப்பல்களைப் பின்புறமாகப் பிணைத்து இழுக்கவிட்டபோது, சுழல்விசிறி பூட்டிய ‘ராட்லர்’ சக்கரக் கப்பலான ‘அலெக்டோ’வை இழுத்துக்கொண்டே போனது.

போட்டியில் தோற்ற சக்கரக் கப்பலை உல்லாசப் பயணிகள் காப்பாற்றினார்கள்.

ஜெனீவா ஏரியில் 1910ஆம் ஆண்டின் ‘லா சுவிஸ்’ உணவுக்கூடத்தோடு இன்றும் ஓடுகிறது. ஸ்கொட்லாந்தில் 1946இல் நீரில் இறக்கப்பட்ட ‘வேவர்லி’ 1974இல் ஒரே ஒரு பவுணுக்குப் பாதுகாப்புச் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் இயந்திரத்தைப் பயணிகள் நடைவழியில் நின்றே பார்க்கலாம்: எண்ணெய் மினுங்கும் உருக்குத் தண்டுகள் மாறி மாறி ஏறி இறங்க, சக்கரத்தின் அச்சு சுழலும். 1995இல் அமெரிக்காவில் வந்த ‘அமெரிக்கன் குயின்’ 436 பயணிகளுக்கு இடமளித்த மிதக்கும் மாளிகை. அதை நடத்திய நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. நம் பக்கத்தில், ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட ‘போபால்’ கொல்கத்தாவில் பழுதுபார்க்கப்பட்டு, ஹூக்ளி ஆற்றில் விருந்துக் கப்பலாக மறுவாழ்வு பெற்றது.

இலங்கையின் ஊவா மாகாணத்து மலையாறுகள் இத்தகைய கப்பலுக்கு இடம் தரவில்லை. பதுளு ஓயா பாறைகளுக்கிடையே பாய்ந்து, துன்ஹிந்தை அருவியில் 60 மீற்றருக்கு மேல் விழுந்து மகாவலியைச் சேர்கிறது. ஆனால் பதுளைக்குக் கிழக்கே மலைநாட்டில் தோன்றும் கல்லோயா, இங்கினியாகலையில் அணை கட்டப்பட்ட பின் விரிந்த நீர்ப்பரப்பாயிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் விளைவான இந்தச் சேனாநாயக்க சமுத்திரத்தில் இன்று உல்லாசப் பயணம் நடக்கிறது. ஓடுபவை சிறு மோட்டார் படகுகளே. தும்பிக்கையை நீருக்கு மேலே தூக்கியபடி தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள். சுற்றியுள்ள காடு 1954இல் தேசியப் பூங்காவானது. வரட்சியில் நீர் வற்றிக் கரை விலகும் இந்தச் சமுத்திரத்தில், பட்ட மரங்களுக்கிடையே எட்டத்திலேயே வேகத்தைக் குறைத்துப் போகும் படகுக்குத்தான் யானைகள் மிரளாமல் காட்சி தருகின்றன.