புத்தரோடு விளையாடிய மூன்றடிக் கவிதை

ஜப்பானியக் குறுங்கவிதையில் புத்தரோடு விளையாடும் வழக்கத்துக்குப் பெயர்போனவர் கொபயாஷி இஸ்ஸா (1763–1828). இன்றைய நாகனோ மாவட்டத்துக் கஷிவாபரா கிராமத்து விவசாயி மகன். எழுதிய ஹைக்கூக்கள் ஏறத்தாழ 20,000. பெரிய புத்தர் சிலையின் மூக்கையும் ஒரு தகைவிலான் குருவியையும் ஒரே பாடலுக்குள் வைத்தவர் அவர். அதில் குறும்பு உண்டு, இளக்காரம் இல்லை. இஸ்ஸா பின்பற்றிய ஜோதோ ஷின்ஷூ பிரிவில் அமிதாப புத்தரின் அருள் தகுதி பார்த்து வருவதில்லை. ஈக்கும் தவளைக்கும் பரிந்து பாடியவருக்கு, புத்தரின் மூக்கு ஒரு குருவிக்கு உதவினால் அதில் என்ன குறை?

ஜப்பானியச் சிலைகளைச் சுற்றியுள்ள பழக்கங்களும் இந்தக் குறும்புக்கு இடம் கொடுத்தன. நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752-இல் அதன் கண்திறப்புச் சடங்கை நடத்திய போதிசேனர் தென்னிந்தியர் என்பது அங்குள்ள மரபு. மண்டபத் தூண் ஒன்றின் அடியில் ஒரு துளை இருக்கிறது. புத்தரின் நாசித்துவாரம் அவ்வளவு பெரிது என்பார்கள். அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் ஞானம் கிட்டுமாம். பிள்ளைகள் சுலபமாக வந்துவிடுவார்கள், பெரியவர்களுக்குத் தோள் மாட்டிக்கொள்ளும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 7 அன்று துறவிகள் சிலையின் மேலேயே ஏறித் தூசி துடைக்கிறார்கள். ஹகாதாவில் மடத்தலைவராக இருந்த ஜென் துறவி செங்காய் (1750–1837) தியானத்தில் அமர்ந்த தவளையை வரைந்து, உட்கார்ந்திருந்தாலே புத்தராகிவிடலாம் என்று நம்பியவர்களைக் கேலி செய்தார்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கவிதை வடிவத்தை அறிமுகப்படுத்தியது பாரதியார் 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் எழுதிய கட்டுரை. தமிழ் ஹைக்கூ நூல்கள் 1984-இல்தான் வரத்தொடங்கின. இலங்கையின் முதல் தமிழ் ஹைக்கூத் தொகுதியாகச் சொல்லப்படும் ‘கூடைக்குள் தேசம்’ 1988-இல் வந்தது. எழுதிய சு. முரளிதரன் மலையகக் கவிஞர். தலைப்பில் உள்ளது தேயிலைக் கொழுந்துக் கூடை. வடிவம் மலையேறி வந்தது, புத்தரோடு விளையாடும் பழக்கம் உடன் வரவில்லை.

காரணத்தை இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தை போன்ற ஊர்களில் காணலாம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குப் போகும் வீதியில், தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே உள்ள டவுன் அது. தோட்டத்தில் மாரியம்மனும் முனியாண்டியும்; டவுனில் அரசமரமும் புத்தரும். வெசாக் பண்டிகை வந்தால், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகளும் இறங்கிவந்து விளக்குக் கூடு பார்ப்பார்கள், தன்சல் எனும் இலவச உணவுப் பந்தல் வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். அந்த அளவுக்கு நெருக்கம் உண்டு. ஆனால் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதுகூட இலங்கையில் குற்றமாகப் பார்க்கப்படும். 2012-இல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2014-இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் நாடு கடத்தப்பட்டார்.

வெளிநாட்டவருக்கே இந்தக் கதி. தோட்டத் தமிழருக்கோ சட்டத்தைவிடப் பெரிய காரணம் இருந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1977-இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன, லயங்கள் எரிந்தன. சொந்தச் சாமியைக் கேலி செய்ய உரிமை வேண்டியதில்லை. பெரும்பான்மையின் சாமியைக் கேலி செய்யத் துணிச்சல் வேண்டும், அதற்கு விலையும் உண்டு. இஸ்ஸா பாடியது தன் ஊர்ப் புத்தரை.

தோட்டத்து மக்கள் சாமியோடு விளையாடியது காமன் கூத்தில். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதி, மதன், தூதன், வீரபத்திரன் என வேடம் கட்டி, தப்பு முழங்க லயம் லயமாகப் போவார்கள். வீரபத்திரன் வந்தால் பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள். குறவன், குறத்தி வேடங்கள் அடிக்கும் கூத்துக்கு ஊரே சிரிக்கும். கடைசியில் சிவன் காமனை எரிப்பார். ரதிக்காகப் பெண்கள் அழுவார்கள்.