புழுக்கையை எண்ணிய சிட்னி

‘அந்தக் காலத்தில் ஆடுமாட்டுக்கெல்லாம் மூலிகைதான்’ என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆஸ்திரேலியச் செம்மறிப் பண்ணைகளுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. அங்கே அந்த மூலிகை, புகையிலை.

செம்மறியின் நான்காம் வயிற்றில் ரத்தம் குடித்து வாழும் புழு ஒன்று உண்டு. சிவப்பும் வெள்ளையும் முறுக்கியதுபோல் இருப்பதால், முடிதிருத்தும் கடையின் கோடுபோட்ட கம்பத்தை வைத்து அதற்கு ‘பார்பர்ஸ் போல்’ என்று பெயர். பெண்புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆடு ரத்தம் வற்றிச் சாகும்.

1931இல் சிட்னிப் பல்கலைக்கழக வளாகத்தில் மக்மாஸ்டர் ஆய்வகம் திறக்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் இயன் கிளூனீஸ் ராஸ். பழைய 50 டாலர் தாளில் இருந்தவர். அன்று பண்ணைகளில் மயில்துத்தமும் நிகோடின் சல்ஃபேட்டும் கலந்து புகட்டினார்கள். துத்தம் பட்டதும், மருந்து முதல் வயிற்றில் தங்காமல் நேரே நான்காம் வயிற்றுக்கு இறங்கும். நிகோடின் புகையிலையிலிருந்து எடுத்தது. புழு செத்தது, அளவு தப்பினால் ஆடும் செத்தது.

1939இல் அதே ஆய்வகத்தின் கார்டனும் விட்லாக்கும் எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். ஆட்டுப் புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கினால் புழு முட்டைகள் மிதக்கும். கட்டம்போட்ட கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணலாம். மருந்துக்கு முன்பும் பின்பும் எண்ணினால் அது வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். ‘மக்மாஸ்டர் முறை’ உலகெங்கும் பரவியது.

1961இல் தயபெண்டசோல் வந்தபோது இனி மூலிகை எதற்கு என்று தோன்றியது. சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத புழுக்கள் தலைகாட்டின. அடுத்தடுத்து வந்த மருந்துகளுக்கும் அதே கதிதான். எனவே பார்வை மீண்டும் செடிகொடிகள் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தும்பை, வேம்பு, பாகல், பூண்டு, மஞ்சள் சேர்ந்த மரபு மருந்துகளைக் கால்நடை வளர்ப்போரிடம் கொண்டுசென்றார்.

தும்பைச் சாறு கேட்குமா என்பதற்கும் அந்தச் சிட்னிக் கட்டங்களே பதில் சொல்லும். செடி என்பதாலேயே தீங்கற்றது என்று நம்பக்கூடாது. புகையிலை அதற்குச் சாட்சி. பழையது என்பதாலேயே தள்ளவும் வேண்டாம். ஊரில் ஆடு வளர்க்கும் உங்கள் உறவினர் மூலிகை புகட்டினால், புகட்டும் முன் ஒருமுறையும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள்.