செஞ்சியின் நான்காவது குன்று

செஞ்சிக் கோட்டை என்றால் மூன்று மலை என்றுதான் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. அனந்தபுரத்துப் பிள்ளைகளுக்கும் இந்த மூன்றுதான் தெரிந்திருக்கிறது. நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு தோழர்களே. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். வடக்கத்தியர் அதையே 'சமார் திக்ரி' என்றார்கள். இரண்டும் ஒரே பொருள்: தோல் தொழிலாளியின் குன்று. இன்று அருந்ததியர் என்று தலைநிமிர்ந்து சொல்லும் நம் மக்களின் பழைய சாதிப் பெயர் ஒரு கோட்டைக் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும். உடனே கோனார்கள் கட்டியதா, மராட்டியர் கட்டியதா என்று சண்டை. சிவாஜி 1677இல் பிடித்தார், 1698இல் முகலாயர் கைக்குப் போனது, ஆக 21 வருஷம். அதற்கு முன்னால் கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான். இந்தச் சண்டையில் கல் சுமந்தவர்களுக்காகப் பேச மட்டும் ஆளில்லை.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஏறும்போது நாங்கள் பேசிக்கொண்டு போனது ஒன்றுதான். ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை ஏறத்தாழ எட்டு வருஷம் முற்றுகை போட்டது. அத்தனை நாளும் கோட்டைக்குள் குதிரைக்குச் சேணம், கடிவாள வார், வாளுக்கு உறை, காலுக்குச் செருப்பு, கிணற்றில் நீர் இறைக்கத் தோல் சால் எல்லாம் தேவைப்பட்டிருக்கும். தோல் தொழிலாளி இல்லாமல் அந்தக் காலத்தில் எந்தப் படையும் நகராது. செத்த மாட்டைத் தொட்டவன் என்று ஒதுக்கியவர்கள், அவன் தைத்த சேணத்தில் ஏறித்தான் போருக்குப் போனார்கள்.

அவர்கள் அந்தக் குன்றடியில் குடியிருந்தார்களா, அதைக் காவல் காத்தார்களா? பெயர்க் காரணத்தைச் சொல்லாமலே வரலாற்றாளர்கள் கடந்துவிட்டார்கள். குடியிருப்புதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு. தேசிங்குராஜன் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த மாவட்டம் இது. அவன் குதிரையின் பெயர்கூடத் தெரியும், சேணம் தைத்தவன் பெயர் தெரியாது.

செஞ்சி, அனந்தபுரம், வளத்தி பக்கம் இருக்கும் மாணவத் தோழர்கள் நம் குடியிருப்புகளில் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் குன்றுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், குலசாமி எங்கே இருக்கிறது, கோட்டை பற்றிப் பாட்டி சொன்ன கதை என்ன? அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள்.